பழைய காருக்குக் குளிர்கால ரயரும் றிம்மும்: ஸ்காபரோவிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

பழைய கார்தானே, இன்னும் இரண்டு மூன்று குளிர்காலம்தான் ஓடும், அதற்கு எதற்குத் தனியாகக் குளிர்கால ரயர் என்ற பேச்சு ஸ்காபரோவில் ஒவ்வோர் ஐப்பசியிலும் காதில் விழுகிறது. கார் பழையது என்பதாலேயே அதற்கு நல்ல ரயர் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கனடாவில் 2011 செப்ரெம்பர் 1ஆம் திகதி முதல் உற்பத்தியாகும் புதிய கார்களில் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு இருந்தாக வேண்டும் என்பது சட்டம். வளைவில் கார் வழி விலகத் தொடங்கினால், எந்தச் சில்லுக்கு எவ்வளவு பிரேக் கொடுக்க வேண்டும் என்று அந்த அமைப்பு தானே கணித்து, ஓட்டுபவர் சுதாரிப்பதற்கு முன்பே காரை நேர்ப்படுத்த முயலும். நான் ஓட்டுவது 2008ஆம் ஆண்டின் ஹொண்டா சிவிக் எல்எக்ஸ். அதில் ஏபிஎஸ் பிரேக் உண்டு, நிலைத்தன்மைக் கட்டுப்பாடு இல்லை. சில்லுகள் இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் ஏபிஎஸ் பார்த்துக்கொள்ளும். ஆனால் இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க முடியாது. ஆகவே உறைந்து கிடக்கும் வீதியில் என் காரையும் அதற்குள் இருப்பவர்களையும் காப்பது, ஓர் உள்ளங்கை அகலத்துக்கு நிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நான்கு ரப்பர்த் துண்டுகள்தாம்.

அந்த ரப்பர் எப்படிப்பட்டது என்பதில்தான் முழு விடயமும் இருக்கிறது. ஓல் சீசன் என்ற பெயரில் விற்கப்படும் ரயர்களின் கலவை, வெப்பநிலை ஏறக்குறைய 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது இறுகத் தொடங்கிவிடுகிறது. ஓர் இரவு முழுவதும் உறைபெட்டியில் வைத்தெடுத்த ரப்பர்ச் செருப்பை வளைத்துப் பார்த்தவருக்கு, -15 பாகையில் அந்த ரயர் என்ன நிலையில் இருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. குளிர்கால ரயரின் கலவை உறைநிலைக்கு வெகு கீழேயும் நெகிழ்வாகவே இருக்கும்படி செய்யப்படுகிறது. அதன் மேற்பரப்பில் உள்ள ரப்பர்க் கட்டைகளின் மேல் குறுக்காக ஓடும் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள், ரயர் உருளும்போது விரிந்து பனியைக் கவ்விப் பிடிக்கின்றன. பனிக்கட்டியின் மேல் இருக்கும் மிக மெல்லிய நீர்ப்படலத்தையும் அவை வழித்தெடுக்கின்றன. இந்த நீர்ப்படலத்தை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் -20 பாகையில் கிடக்கும் பனிக்கட்டியைவிட, 0 பாகையை ஒட்டிக் கிடக்கும் பனிக்கட்டியே அதிகம் வழுக்குகிறது. ரொறன்ரோவின் குளிர்காலமோ பகலில் உருகி இரவில் உறைந்து, பெரும்பாலும் அந்த 0 பாகையைச் சுற்றியே நடக்கிறது. வினிப்பெக்கைப் போலக் குளிர் இங்கே இல்லையே என்று ஆறுதல் கொள்பவர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கியூபெக் மாகாணத்தில் பதிவான கார்களுக்கு 2008 முதல் குளிர்கால ரயர் கட்டாயம். 2019 தொடக்கம் அந்தக் காலம் டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை. ஒன்ராறியோவில் அப்படியொரு கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜனவரி 1 முதல், குளிர்கால ரயர் போட்டிருக்கும் வாடிக்கையாளருக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணக் கழிவு கொடுத்தே ஆக வேண்டும். எவ்வளவு கழிவு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். நாம் கேட்காமல் அவர்களாகச் சேர்ப்பது அரிது என்பதால், ரயர் வாங்கிய பற்றுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும்.

இனி அளவுக்கு வருகிறேன். பழைய கார் வைத்திருப்பவர் பணத்தை மிச்சம் பிடிக்கவும், அதே நேரத்தில் பாதுகாப்பைக் கூட்டவும் வாய்க்கும் ஒரே இடம் இதுதான். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு வந்து பொருந்தும் தூணில் ஒரு ஸ்ரிக்கர் இருக்கும். என் காரில் அது 205/55 ஆர்16 என்று சொல்கிறது. அதாவது ரயரின் அகலம் 205 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 வீதம், றிம்மின் விட்டம் 16 அங்குலம். ஆனால் அதே ஆண்டு, அதே உடல், அதே பிரேக்குடன் விற்பனையான மலிவான டிஎக்ஸ் வகைக்கு நிறுவனமே போட்டுக் கொடுத்தது 195/65 ஆர்15. இரண்டையும் தாளில் கணக்கிட்டுப் பார்த்தேன். 16 அங்குலம் என்பது 406.4 மில்லிமீற்றர், பக்கச் சுவர் 112.75 மில்லிமீற்றர், அதை மேலும் கீழும் சேர்த்தால் முழு விட்டம் 631.9. 15 அங்குலம் என்பது 381. பக்கச் சுவர் 126.75, அதை இரு பக்கமும் சேர்த்தால் 634.5. வித்தியாசம் மூன்று மில்லிமீற்றருக்கும் குறைவு, அரை வீதம்கூட இல்லை. வேகமானி காட்டும் எண்ணில் அதை உணரவே முடியாது.

இந்த ஓர் அங்குலம் இறங்கி வருவதால் கிடைக்கும் நன்மைகள் பல. முதலாவது விலை: 15 அங்குல ரயர் 16 அங்குலத்தைவிட மலிவு, றிம்மும் அப்படியே. இரண்டாவது அகலம்: குறுகிய ரயர் ஆழமான பனியையும், உருகிச் சேறாகக் கிடக்கும் பனியையும் பிளந்துகொண்டு அடியில் உள்ள தாருக்குப் போய்ச் சேரும், அகன்ற ரயர் அதன் மேல் ஏறி மிதக்கப் பார்க்கும். மூன்றாவது பக்கச் சுவரின் உயரம், இது எனக்கு மிகவும் பிடித்த நன்மை. மாசி, பங்குனியில் உப்பும் உறைநீரும் சேர்ந்து வீதிகளைக் குதறி எடுத்த பின், எக்ளிங்டன் வீதியிலோ கிங்ஸ்டன் வீதியிலோ குழி எங்கே இருக்கிறது என்பது அதில் விழும் வரை தெரியாது. அப்போது றிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் இடையில் நிற்கும் அந்த ஒன்றரைச் சென்ரிமீற்றர் கூடுதல் ரப்பரும் காற்றும், றிம் வளையாமலும் பழைய காரின் தேய்ந்த மூட்டுகளுக்கு அடி முழுவதும் போய்ச் சேராமலும் காக்கின்றன.

எத்தனை அங்குலம் வரை இறங்கலாம் என்பதைத் தீர்மானிப்பது பிரேக். றிம்மின் உள்வட்டம் பிரேக்கின் இரும்புக் கூட்டில் முட்டக் கூடாது. இதற்கு நான் கைக்கொள்ளும் வழி எளிது: அதே தலைமுறையில், அதே அளவு பிரேக்குடன், நிறுவனம் விற்ற மிகச் சிறிய றிம் எதுவோ அதற்குக் கீழே போவதில்லை. அதே சிவிக்கின் எஸ்ஐ வகைக்கு முன் பிரேக் பெரிது; என் 15 அங்குல றிம்மை அதில் மாட்ட முடியாது. ஆகவே, சிவிக் என்று எழுதியிருக்கிறது, பொருந்தும் என்று விற்பவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் எந்த வகை என்பதையும் கேட்க வேண்டும்.

அளவுக்குப் பின்னால் வரும் சுமைக் குறியீட்டையும் பார்க்க வேண்டும். 91 என்பது ஒரு ரயர் 615 கிலோகிராம் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. ஸ்ரிக்கரில் உள்ள சுமைக் குறியீட்டுக்குக் கீழே ஒருபோதும் போகக் கூடாது. வேக எழுத்து அப்படியல்ல. கோடை ரயரில் எச், அதாவது மணிக்கு 210 கிலோமீற்றர் என்று இருக்க, குளிர்கால ரயரில் ரி, அதாவது 190 என்று இருந்தால் கவலைப்பட எதுவும் இல்லை.

றிம் வாங்கும்போது துளைகளை எண்ணினால் மட்டும் போதாது. என் காரில் ஐந்து போல்ட், அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் 114.3 மில்லிமீற்றர், நடுத்துளை 64.1. அதே காலத்து ரொயோட்டா கொறோலாவின் றிம்மிலும் ஐந்து துளைகள்தாம், தூரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் அதன் வட்டம் 100 மில்லிமீற்றர். பல கார்களுக்குப் பொதுவாகச் செய்யப்படும் றிம்களில் நடுத்துளை பெரிதாக இருக்கும். அப்போது காரில் சில்லு வந்து பொருந்தும் நடுமேடான கும்பத்துக்கும் அந்தத் துளைக்கும் இடையில் சரியான அளவு வளையம் ஒன்றைப் போட வேண்டும். இல்லாவிட்டால் றிம் நடுவில் உட்காராமல், நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்ரெயரிங் நடுங்கும். றிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கிறது என்ற எண் ஒன்றும் உண்டு. என் காருக்கு அது 45ஐ ஒட்டியிருந்தால் சரி. அதிலிருந்து வெகுவாக விலகினால் ரயர் உள்ளே மூட்டில் உரசும், அல்லது வெளியே நீட்டிக்கொண்டு கார் முழுவதும் சேற்றை அப்பும்.

ஸ்ரீல் றிம்மா, அலோய் றிம்மா என்ற கேள்விக்கு என் விடை ஸ்ரீல். அழகைப் பற்றி இங்கே பேச்சில்லை. இங்கே வீதிக்குப் போடும் உப்பு இரண்டையும் தின்கிறது, ஆனால் தின்னும் விதம் வேறு. ஸ்ரீல் றிம் வெளியில் துருப்பிடிக்கும். அது கண்ணுக்குத் தெரியும், கோடையில் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கறுப்புப் பூச்சு அடித்துவிடலாம். அலோய் றிம்மில் ரயரின் விளிம்பு வந்து உட்காரும் இடத்தில் பூச்சுக்கு அடியில் அரித்து வெண்பொடி கிளம்பும். காற்று சிறுகச் சிறுகக் கசியும். காரணம் தெரியாமல் வாரத்துக்கு ஒருமுறை காற்றடித்துக்கொண்டே இருக்க வேண்டியதாகும். குழியில் விழுந்தால் ஸ்ரீல் பெரும்பாலும் வளையும், அலோய் வெடிக்கவும் கூடும். காரோடு வந்த நல்ல அலோய் றிம்களைக் கோடைக்கு வைத்துக்கொண்டு, குளிர்காலத்துக்கு ஸ்ரீலை விடுவதே பழைய காருக்குப் பொருத்தம் என்று படுகிறது.

நட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இதைத் தெரியாதவர்கள் பலர், தெரியாமல் விட்டால் வருவது பெரிய ஆபத்து. ஹொண்டாவின் சொந்த றிம்மில் நட் வந்து உட்காரும் குழி, பந்தின் ஒரு பகுதியைப் போல உருண்டையாகக் குடையப்பட்டிருக்கும்; அதற்குரிய நட்டின் அடிப்பக்கமும் உருண்டையாகவே இருக்கும். வெளிக்கடைகளில் வாங்கும் ஸ்ரீல் றிம்மிலோ அந்தக் குழி கூம்பு வடிவம், சரிவு நேர்கோடாக இருக்கும். புரி இரண்டுக்கும் ஒன்றே: 12 மில்லிமீற்றர் விட்டம், 1.5 மில்லிமீற்றர் இடைவெளி. ஆகவே எந்த நட்டும் எந்த றிம்மிலும் ஏறிவிடும். இறுக்கத்தை அளக்கும் ரோர்க் றெஞ்ச் கூடச் சரியான இறுக்கம் வந்துவிட்டது என்று சொல்லும். ஆனால் உருண்டை நட் கூம்புக் குழியில் உட்காரும்போது ஒரு மெல்லிய கோடு மட்டுமே றிம்மைத் தொடுகிறது. ஓடும்போது ஏற்படும் அதிர்வில் அந்தக் கோடு நசுங்க, இறுக்கம் போய்விடும்.

மார்க்கம் வீதிப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் ஓர் அண்ணையிடம் புது றிம்களைக் கொண்டுபோனபோது, அவர் ரயரைப் பார்க்கவே இல்லை. முதலில் றிம்மின் குழிக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு என் பழைய நட் ஒன்றையும் தன் மேசையில் இருந்த கூம்பு நட் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, "தம்பி, இந்த வித்தியாசத்தை வடிவாப் பாரும். பழைய நட்டைப் பழைய றிம்மோடையே வைச்சிரும், இதுக்கு வேற இருபது நட் வேணும்" என்றார். அன்றிலிருந்து இரண்டு வகை நட்டையும் இரண்டு தகரப் பேணிகளில் போட்டு, எது எதற்கு என்று மேலே எழுதி வைத்திருக்கிறேன். கூம்பு நட்டில் நான்கைக் காரின் பின்பெட்டியிலும் போட்டிருக்கிறேன். வழியில் ஒன்று தொலைந்தாலோ புரி கெட்டாலோ அந்த இரவு நேரத்தில் தேடி அலைய வேண்டியதில்லை.

ரயரைத் தெரிவு செய்யும்போது முதலில் பக்கச் சுவரில் மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எம் பிளஸ் எஸ் என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் போதாது. அவை ரயரின் மேற்பரப்பு வடிவத்தைப் பற்றி நிறுவனம் தானே சொல்லிக்கொள்வது. மலைச் சின்னத்துக்கு ஒரு சோதனை உண்டு: இறுகிய பனியில் ஒப்பீட்டு ரயர் ஒன்றைவிட இழுவை குறைந்தது 10 வீதம் கூடுதலாக இருக்க வேண்டும். அந்தச் சோதனை பனிக்கட்டியில் பிரேக் பிடிப்பதை அளப்பதில்லை. இதனால்தான், ஆண்டு முழுவதும் ஒரே ரயர் என்று விற்கப்படும் ஓல் வெதர் வகைக்கும் மலைச் சின்னம் கிடைக்கிறது. ஆனால் உறைந்த சந்தியில் நிறுத்துவதில் முழுமையான குளிர்கால ரயருக்கு அது நிகராவதில்லை. கார் அதிகம் ஓடாதவர், பனி கொட்டும் நாளில் வீட்டில் இருந்துவிடக் கூடியவர், றிம் வைக்க இடமில்லாத அடுக்குமாடியில் இருப்பவர் ஆகியோருக்கு ஓல் வெதர் நல்ல தெரிவு. அதிகாலை வேலைக்கு நெடுஞ்சாலை 401இல் போக வேண்டியவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஆணி பதித்த ரயர் பற்றிச் சிலர் கேட்பதுண்டு. ஒன்ராறியோவில் அது வடபகுதியில் வசிப்பவர்களுக்கே அனுமதிக்கப்பட்டிருக்கிறது.

நோக்கியன் ஹக்கபெலிற்றா, மிசெலின் எக்ஸ்-ஐஸ், பிறிட்ஜ்ஸ்ரோன் பிளிசாக் ஆகிய மூன்றும் இங்கே எல்லோரும் அறிந்த பெயர்கள். குளிர்கால ரயர் என்ற ஒன்றை 1934இல் முதலில் செய்ததே நோக்கியனின் பின்லாந்து ஆலைதான். ரோயோ நிறுவனம் தன் கலவையில் வால்நட் ஓட்டுத் துகளைச் சேர்க்கிறது. பனிக்கட்டியை அது சுரண்டிப் பிடிக்கும் என்பது அவர்களின் கணக்கு. பெயர்களுக்குள் எது முதலிடம் என்ற விவாதத்தில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. என் ஓட்டம் பெரும்பகுதி உப்புப் போட்டுத் துப்புரவாக்கிய நெடுஞ்சாலையில் என்பதால், வெறும் தாரில் சீக்கிரம் தேயாத எக்ஸ்-ஐஸ் வகையை எடுத்தேன். கிராமப்புறத்தில் பனி அகற்றாத வீதியில் ஓட்டுபவராக இருந்தால் ஹக்கபெலிற்றாவுக்குப் போயிருப்பேன். றிம்மில் மிச்சம் பிடித்த பணத்தை ரயரில் போட வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பழைய ரயர் வாங்குவதில் தவறு ஒன்றும் இல்லை, ஆனால் பார்த்து வாங்க வேண்டும். காரை விற்றுவிட்டவர்கள் றிம்மோடு நான்கையும் விற்பார்கள். அளவு பொருந்தினால் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். பகல் வெளிச்சத்தில் போக வேண்டும். பக்கச் சுவரில் டி.ஓ.ரி. என்று தொடங்கும் எழுத்துத் தொடரின் கடைசி நான்கு இலக்கங்கள் பிறந்த நாளைச் சொல்லும்: 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். அந்த இலக்கங்கள் ஒரு பக்கத்தில் மட்டுமே இருப்பதுண்டு, றிம்மில் ஏற்றியிருந்தால் சில வேளை உட்பக்கம் போய்விடும். புரட்டிப் பார்க்காமல் விடக் கூடாது. நான்கையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், மூன்று ஒரு வயதும் நான்காவது வேறு வயதுமாக இருக்கலாம். நான்கு வயதுக்கு மேற்பட்டதை நான் வாங்குவதில்லை, ஏனென்றால் கட்டை எவ்வளவு உயரமாக இருந்தாலும் ரப்பர் வயதாக ஆக இறுகிவிடும், இறுகிய பிறகு அதைக் குளிர்கால ரயர் என்று சொல்வதில் பொருள் இல்லை. பள்ளங்களின் அடியில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று ரயரைக் கையால் அழுத்தி விரித்துப் பார்க்க வேண்டும். உட்புற விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அந்தக் காரின் சில்லு நேர் தப்பியிருந்திருக்கிறது.

ஆழத்தை அளக்கச் சில டொலருக்கு ஒரு சிறு மானி கிடைக்கும். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே போவது நல்லது. புதிய குளிர்கால ரயரில் ஆழம் எட்டு ஒன்பது மில்லிமீற்றர் இருக்கும். 4 மில்லிமீற்றரை நெருங்கிவிட்டால் பனி மூடிய வீதிக்கு அது உகந்ததல்ல என்பது கனடியப் போக்குவரத்துத் திணைக்களத்தின் அறிவுரை. ஆகவே 5 மில்லிமீற்றரில் இருப்பதை வாங்குபவர் உண்மையில் ஒரு குளிர்காலத்தை மட்டுமே வாங்குகிறார். விலையை அப்படித்தான் எடைபோட வேண்டும். நோக்கியனில் கட்டையின் மேல் ஒரு பனித்துகள் உருவம் பொறித்திருக்கும். 4 மில்லிமீற்றருக்கு வந்ததும் அது அழிந்துவிடும், மானிகூடத் தேவையில்லை.

தனி றிம் வாங்குவது வீண் செலவா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரே றிம்மில் ரயரை மட்டும் கழற்றிப் போட்டுச் சமநிலை பார்ப்பதற்கு இங்கே கராஜ்களில் நூறு டொலரை ஒட்டி வாங்குகிறார்கள். றிம்மோடு மாற்றுவதற்கு ஏறக்குறைய அதில் பாதி. ஆண்டுக்கு இருமுறை என்றால் மிச்சம் நூறு டொலர். நான்கு ஸ்ரீல் றிம் முன்னூறுக்கு வந்தால் மூன்று ஆண்டுகளில் காசு திரும்பிவிடும். வீட்டு முற்றத்தில் நாமே மாற்றினால் இன்னும் விரைவில் திரும்பும். இந்தக் கணக்கில் அடங்காத ஒன்றும் உண்டு: றிம்மிலிருந்து ஒவ்வொரு முறை நெம்பிக் கழற்றும்போதும் ரயரின் விளிம்பு சேதப்படும் வாய்ப்பு இருக்கிறது. கார் ஓர் ஆண்டுக்கு மேல் நிற்காது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், பழைய றிம்மிலேயே ஏற்றிக்கொள்வதில் நியாயம் உண்டு.

இழுவை முன்சில்லுக்குத்தானே, இரண்டு போதும் என்ற யோசனையைத் தயவுசெய்து எவருக்கும் சொல்லாதீர்கள். முன்பக்கம் பிடித்து நிற்க, பின்பக்கம் வழுக்கிச் சுழன்றுவிடும். நிலைத்தன்மைக் கட்டுப்பாடு இல்லாத பழைய காரில் அதைத் திருப்பிப் பிடிக்க எதுவும் இல்லை. நான்கும் ஒரே வகையாக, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும்.

மாட்டும் வேலையில் பழைய காருக்கே உரிய சிரமம் துரு. நட் ஐந்தையும் கழற்றிய பின்னும் சில்லு அசையாமல் நிற்கும், ஏனென்றால் றிம்மின் நடுத்துளையும் காரின் கும்பமும் உப்பில் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருக்கும். காரை யாக்கில் மட்டும் நிறுத்தி வைத்துக்கொண்டு அதை உதைக்கக் கூடாது. தாங்கு காலை வைத்த பின், ரயரின் பக்கச் சுவரில் மரக்கட்டை ஒன்றை வைத்து, மேலும் கீழுமாக மாறி மாறித் தட்டினால் விட்டுவிடும். வெளியே எடுத்ததும் கும்பத்தின் முகத்தைக் கம்பித் தூரிகையால் செதில் செதிலாகக் கிடக்கும் துரு போகும் வரை தேய்க்க வேண்டும். அந்தத் துருவின் மேலேயே புதிய றிம்மை வைத்து இறுக்கினால், சில நாள் ஓட்டத்தில் துரு நொறுங்கி நட் தளரும். தேய்த்த முகத்தில் துருத் தடுப்புப் பசையை மெல்லியதாகத் தடவலாம். போல்ட்டின் புரியில் மட்டும் தடவக் கூடாது, தடவினால் ரோர்க் றெஞ்ச் காட்டும் அளவைவிடக் கூடுதலாக இறுகிப் போல்ட் நீண்டுவிடும். என் காருக்கு 108 நியூற்றன் மீற்றர், அதாவது 80 அடி-இறாத்தல். ஒன்றுவிட்டு ஒன்றாக, நட்சத்திரம் வரைவது போல இறுக்கி, நூறு கிலோமீற்றர் ஓடிய பின் மீண்டும் ஒருமுறை இறுக்கம் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் அம்புக்குறி இருந்தால் கார் முன்னே போகும் திசைக்கே அது நிற்க வேண்டும். சில்லு வெளியே இருக்கும் அந்த நேரத்திலேயே பிரேக் கட்டையின் தடிப்பையும், மூட்டுகளின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுவது வழக்கமாகட்டும்; ஆடும் மூட்டில் புதிய ரயரைப் போட்டால் ஒரே பருவத்தில் தின்றுவிடும்.

காற்றழுத்தம் ஒவ்வொரு 5, 6 பாகை குளிருக்கும் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. குறையும். ஐப்பசியில் சரியாக அடித்த காற்று தையில் வெகுவாக இறங்கியிருக்கும். கனடாவில் விற்பனையாகும் கார்களுக்கு அழுத்த உணரி கட்டாயமில்லை, என் பழைய காரில் அது இல்லவும் இல்லை. அதனால் கடுங்குளிர் தொடங்கியதும் காலையில், கார் ஓடுவதற்கு முன், மானியை வைத்துப் பார்க்கிறேன். பனிப்புயலுக்கு அடுத்த நாள் ஸ்ரெயரிங் திடீரென்று நடுங்கினால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ஸ்ரீல் றிம்மின் உள்வட்டத்தில் பனி அடைந்து உறைந்து சமநிலையைக் கெடுத்திருக்கும். தூரிகைப் பிடியால் தட்டி எடுத்தால் நடுக்கம் நின்றுவிடும். நிற்காவிட்டால் அன்றே நட்டைப் பார்க்க வேண்டும்.

எப்போது மாட்டுவது என்பதற்கு, நன்றியறிதல் நாளுக்குப் பின் மாட்டி உயிர்த்த ஞாயிறுக்குப் பின் கழற்று என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள். இரவு வெப்பநிலை தொடர்ந்து 7 பாகைக்குக் கீழே போகும் வாரத்தைப் பார்த்து நான் மாட்டுகிறேன். முதல் பனி விழுந்த நாளில் கராஜுக்குத் தொலைபேசி எடுத்தால் இரண்டு வாரம் கழித்துத்தான் வரச் சொல்வார்கள். வெயில் வந்த பின்னும் கழற்றாமல் ஓட்டினால், மென்மையான அந்த ரப்பர் சூடான தாரில் வேகமாகத் தேய்ந்துவிடும்.

சித்திரையில் கழற்றியதும் உப்பைக் கழுவி, காய வைத்து, எந்த மூலையில் இருந்தது என்று சோக்கால் எழுதி, கறுப்புப் பையில் கட்டி நிலவறையில் அடுக்குகிறேன். றிம்மோடு இருப்பதை ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்க வைக்கலாம். றிம் இல்லாத ரயரை நிமிர்த்தி வைக்க வேண்டும். வெயிலும், வெப்பமூட்டி, மின்மோட்டார் ஆகியவற்றின் அண்மையும் ரப்பருக்கு ஆகாது. இந்த முறை அளந்தபோது முன் இரண்டும் பின் இரண்டைவிடச் சற்றுத் தேய்ந்திருந்தன; வரும் ஐப்பசியில் முன்னதைப் பின்னுக்கு மாற்றினால் நான்கும் இன்னும் இரண்டு குளிர்காலத்துக்குப் போதும். அதற்குள் காரின் அடிச்சட்டம் துருவில் போய்விட்டால், 15 அங்குல றிம்மும் அந்த அளவும் பொருந்தும் சிவிக்குகள் ஸ்காபரோவில் இன்னும் நிறையவே ஓடுகின்றன. கூம்பு நட்டுப் பேணியையும் சேர்த்து ஒரே தொகுப்பாக விற்றுவிடலாம்.